வாயிலில் நின்ற புடவை வியாபாரி

வெள்ளைத்துரைமார் காலத்திலே நமது மலைநாட்டுத் தோட்டங்களுக்குள் அந்நியர் எவரும் உத்தரவின்றிக் கால் வைத்தல் இயலாது. தொழிலாளரைக் காண வந்தவர் அத்துமீறிப் பிரவேசித்த குற்றத்திற்கு ஆளாவார். ஆயினும் புடவை மூட்டை சுமந்து வரும் வியாபாரிக்கு வழி விடப்பட்டது. 1919 ஆம் ஆண்டளவில் தஞ்சைச் சீமையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் அந்த வேடத்தையே பூண்டு உள்ளே நுழைந்து, லயங்களின் நிலையை நேரிற் கண்டார். 1931 இல் ஹட்டனிலே தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தவரும் அவரே.

இப்பழைய கதையை நமக்கு நினைப்பூட்டியவர் கணினி பயிலும் நுவரெலியா மாணவர் ஒருவர். மென்பொருள் நிறுவனங்கள் ஆள் இருக்கும் இடத்தைப் பார்த்து அனுமதி வழங்குகின்றனவாமே, அது போதிய காவலாகுமா என்று கேட்டிருந்தார்.

கொழுந்து கூடையிலிருந்து நிறுவைக்கும், அங்கிருந்து ஆலைக்கும் போய், வாடி, அரைபட்டு, காய்ந்து, சலிக்கப்பட்டு, தோட்டத்தின் முத்திரையோடு கொழும்பு ஏலத்துக்குச் செல்வதை நாம் அறிவோம். மென்பொருளும் அவ்வாறே. பொறியியலாளர் எழுதிய வரிகள் ஒரு களஞ்சியத்திற் சேர்ந்து, இயந்திரத்தால் தொகுக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, நிறுவனத்தின் கையொப்பத்தோடு பாவனையாளரை அடைகின்றன. இடைவழியில் ஒருவன் நஞ்சு கலந்தால் அத்தனை வீட்டுக் கோப்பையிலும் நஞ்சுதான். ஆதலின், குறித்த வலையமைப்பு முகவரிகளிலிருந்தோ குறித்த நாடுகளிலிருந்தோ வருவோரை மட்டும் உள்ளே விடுவர். திருடிய கடவுச்சொல்லோடு தொலைதேசத்திலிருந்து வருபவனை இக்காவல் வாயிலிலேயே மறித்துவிடும். அதன் பயனை நாம் குறைத்துக் கூறமாட்டோம்.

ஆனால் முகவரி வேறு, இடம் வேறு. வாடகைக்கு ஒரு கணினியை எந்நாட்டிலும் அமர்த்திக்கொண்டு அந்நாட்டான்போல் வரலாம். 2020 இல் அமெரிக்காவின் சோலர்வின்ட்ஸ் நிறுவனத்தில் நேர்ந்ததைக் கேளுங்கள். அதன் ஓரியன் என்னும் மென்பொருள் தொகுக்கப்படும் இயந்திரத்திலேயே பகைவர் குடிபுகுந்தனர். தொகுக்கும் வேளையில் மூலக்கோப்பு ஒன்றை மாற்றி வைப்பதும், வேலை முடிந்ததும் பழையதைத் திருப்பி வைப்பதுமாக அவர்களது கருவி இயங்கிற்று. உலர்த்தும் அறையிற் கலப்படம் நடந்து, பெட்டியின் மேல் உண்மையான முத்திரையே விழுந்த கதைதான்! அந்தப் புதுப்பிப்பு 18,000 வரையான வாடிக்கையாளரைச் சென்றடைந்தது. அவர்களுள் சிலரது வலையமைப்புகளுள் நுழைந்தபோது, பகைவர் பெரும்பாலும் அவ்வவர் நாட்டு முகவரிகளையே பூண்டு வந்தனர். புடவை மூட்டை நினைவுக்கு வருகிறதல்லவா? (நடேசய்யர் கொண்ட நோக்கம் வேறு, அவரை இக்கூட்டத்தோடு சேர்த்தமைக்கு அவர் நம்மை மன்னிப்பாராக.)

குட்டு வெளிப்பட்ட விதம் சுவையானது. ஃபயர்ஐ என்னும் பாதுகாப்பு நிறுவனமும் பாதிக்கப்பட்டோருள் ஒன்று. அங்கே ஊழியர் ஒருவரின் பெயரில் இரண்டாவது தொலைபேசியொன்று பதிவாகியிருந்தது. உம்முடையதா என்று அவரையே கேட்டனர். இல்லை என்றார். அந்த ஒரு கேள்வியிலிருந்து நூல் பிடித்துச் சென்று, 2020 டிசம்பரில் உலகறியச் செய்தனர்.

இடத்தை மட்டும் நம்புவதால் வரும் இடர் மறுபுறமும் உண்டு. நமக்குத் தெரிந்த டிக்கோயாப் பெண்ணொருத்தி, கொழுந்து பறித்த தாயின் மகள், கொழும்பு நிறுவனமொன்றில் மென்பொருள் எழுதுகிறாள். தீபாவளிக்கு ஊர் வந்தவள், லயத்து அறையிலிருந்து வேலையைத் தொடர முயன்றபோது வாயில் மூடிக்கொண்டது. அவளது கைத்தொலைபேசி இணைப்பின் முகவரி அனுமதிப் பட்டியலில் இல்லையாம். வேடமிட்டவனுக்குத் திறக்கும் கதவு, வேடமறியாத இவளுக்கு மூடியது. இரண்டு நாள் சம்பளம் போய்விடுமோ என அஞ்சினாள். மேலாளரைத் தொலைபேசியில் அழைத்தாள். அவர் குரலை அறிந்து, நாலு கேள்வி கேட்டுத் தெளிந்த பின்னரே வழி திறந்தது. இப்பொழுது அவள் விரலளவேயான பாதுகாப்புச் சாவி ஒன்றைக் கழுத்துச் சங்கிலியிற் கோத்து வைத்திருக்கிறாள். அதைக் கணினியிற் செருகினாலன்றிக் கொழும்பு அலுவலகத்துக்குள் இருந்தாலும் அவள் எழுதிய ஒரு வரியேனும் களஞ்சியத்திற் சேராது. டிக்கோயாவிலிருந்து செருகினால் சேரும்.