வளையல் கொடுப்பவர் கேட்க வேண்டிய நாலு கேள்வி

ஆனியிலும் மார்கழியிலும் சிதம்பரத்துத் தேர் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஐந்து தேர்களும் ஆடி அசைந்து வரும்போது எல்லோர் கண்ணும் நடராஜர் மேல்தான். சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையோடு ஓடுகிறவரை யாராவது கவனிக்கிறோமா? வடம் பிடிக்க ஆயிரம் பேர் இருந்தாலும், தேரை நிறுத்துவது அவர் போடும் கட்டை அல்லவா?

இந்த வாரம் நான் சொல்ல வந்தது கார் பட்டறை முட்டுக்கட்டையைப் பற்றி. “பட்டறைக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! கடலூரிலோ சிதம்பரத்திலோ சிறு ஒர்க் ஷாப் நடத்தும் வீட்டில், “ஒரு லிஃப்ட் போட்டால் தேவலை” என்ற பேச்சு எழுந்தால், அடுத்த பேச்சு உங்கள் வளையலைப் பற்றித்தான் இருக்கும். வளையல் கொடுப்பவருக்கு நாலு கேள்வி கேட்க உரிமை உண்டு.

அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்துப் பீட்டர் லுனாட்டி என்பவர், சவரக் கடை நாற்காலி எண்ணெய் அழுத்தத்தில் ஏறி இறங்குவதைப் பார்த்து, காரையும் அப்படித் தூக்கலாமே என்று யோசித்தார். 1925-ல் லிஃப்ட் பிறந்தது. இன்று பல பட்டறைகளில் இருப்பது இரண்டு தூண் லிஃப்ட். ஒரு டன்னுக்கு மேல் கனமுள்ள கார் தலைக்கு மேலே நிற்கும். அதன் அடியில் நிற்பவர் உங்கள் கணவரோ, தம்பியோ, பிள்ளையோ!

முதல் கேள்வி: “தரை எப்படி?” தூண்கள் தரையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. பொதுவாக 4 அங்குலத்துக்குக் குறையாத நல்ல கான்கிரீட் கேட்பார்கள். சரியான அளவு லிஃப்டோடு வரும் புத்தகத்தில் இருக்கும். மேல் பூச்சும் டைல்ஸும் கணக்கில் சேராது. கடற்கரைப் பக்கம் மணல். சிதம்பரத்துப் பக்கம் மழையில் ஊறி வெயிலில் வெடிக்கும் களிமண். ஆகவே ஒரு துளை போட்டுக் கனத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். புதுக் கான்கிரீட் என்றால் 28 நாள் பொறுக்கட்டும்.

இரண்டாவது: “போல்ட்டை எதனால் முடுக்கினீர்கள்?” விரிசலுக்கும் ஓரத்துக்கும் அருகே துளை கூடாது. துளையிலுள்ள தூளை ஊதி எடுத்த பிறகு, டார்க் ஸ்பானரால் சொன்ன அளவுக்கு முடுக்க வேண்டும். போல்ட் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் அந்த இடம் உதவாது. “கை பலத்துக்கு முடுக்கிட்டேன், அக்கா” என்ற பதிலை ஒப்புக்கொள்ளாதீர்கள்!

மூன்றாவது: “பூட்டு விழுந்ததா?” லிஃப்ட் ஏறும்போது ‘டக் டக்’ என்று சத்தம் கேட்கும். அதுதான் பூட்டு. எண்ணெய்க் குழாய் வெடிக்கலாம். எண்ணெயை நம்பி அடியில் நிற்கலாகாது. காரை உயர்த்தியதும் சிறிது இறக்கி, இரு தூண்களிலும் பூட்டின் மேல் உட்காரவைத்த பிறகுதான் உள்ளே போகவேண்டும். நான் சொன்ன முட்டுக்கட்டை இதுவே.

நான்காவது: “வெள்ளம் வந்தால்?” 2011 டிசம்பர் 30-ல் தானே புயலையும், 2015 நவம்பர் வெள்ளத்தையும் கடலூர்க்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. மோட்டாரும் சுவிட்சும் உயரத்தில் இருக்கட்டும், எர்த் கட்டாயம். தண்ணீர் புகுந்த லிஃப்டை எலெக்ட்ரீஷியன் பார்க்காமல் ஓட்டக்கூடாது. உப்புக் காற்று இரும்புக் கயிற்றை அரிக்கும். மாதம் ஒரு முறை கயிற்றில் இழை அறுந்திருக்கிறதா, போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

லிஃப்ட் வந்த அன்று சந்தனம், குங்குமம் இட்டு எலுமிச்சம்பழம் நறுக்குவீர்கள். பேஷாகச் செய்யுங்கள். ஆனால் முதலில் லிஃப்டை வெறுமனே ஏற்றி இறக்கட்டும். பிறகு காரை ஒரு சாண் மட்டும் தூக்கி, லேசாக அசைத்து, தூணையும் போல்ட்டையும் பார்க்கட்டும். அதுவரை எவரும் அடியில் நிற்க வேண்டாம். தேங்காய் உடைக்க அவசரப்படும் மாமனாரும்தான்!