300 பேருக்கு மட்டும் தெரிஞ்ச விளம்பரம்

மார்க்கெட்டிங் மக்கள் அடிக்கடி சொல்ற ஒரு வசனம் இருக்கு. "ஊருக்கே மைக் போட்டுக் கத்தாதே, வாங்கப் போறவன் காதுல போய்ச் சொல்லு." கேக்க நல்லாத்தான் இருக்கு. பாதி உண்மையும் கூட. மீதிப் பாதியைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன்: அடியேன் மார்க்கெட்டிங் ஆள் இல்லை, பொட்டி தட்டிப் பிழைக்கிறவன். ஆனா இந்த விளம்பர சமாச்சாரத்தோட உள்பக்கம் முழுக்க டேட்டாபேஸ் வேலைதான். அதனால நானும் கொஞ்சம் பேசலாம்னு ஒரு தைரியம் :-)

லிங்க்ட்இன் 2003ல ஆரம்பிச்சது. 2016ல மைக்ரோசாஃப்ட் அதை 2,620 கோடி டாலருக்கு வாங்கறதா அறிவிச்சாங்க. அவ்வளவு பணம் கொடுக்க அங்க என்ன இருக்குன்னு கேட்டா, நாமதான் இருக்கோம். என்ன வேலை, எந்தக் கம்பெனி, எத்தனை வருஷ அனுபவம், என்ன படிச்சோம், என்னென்ன தெரியும்னு எல்லாத்தையும் நாமளே உக்காந்து கட்டம் கட்டமா நிரப்பிக் கொடுத்திருக்கோம். சென்சஸ் எடுக்க வர்ற டீச்சர்கிட்ட கூட இவ்வளவு பொறுமையா யாரும் பதில் சொல்ல மாட்டோம்.

விளம்பரம் போடறவருக்கு அது ஒரு பெரிய டேபிள். எஸ்.க்யூ.எல் எழுதினவங்களுக்கு ஒரே வரில சொல்லிடலாம்: அவர் பண்றது எல்லாம் ஒரு 'வேர்' கண்டிஷன் எழுதற வேலை. பதவி இது, துறை இது, ஊர் இது, கம்பெனி இந்த சைஸ், இந்தத் திறமை பட்டியல்ல இருக்கணும், இந்தப் போட்டிக் கம்பெனிக்காரங்க மட்டும் வேண்டாம். கடைசில தேறுறது 300 பேருக்குக் குறையக் கூடாது, அதுதான் லிங்க்ட்இன் வச்சிருக்கற கீழ் எல்லை. 300 பேர்னா நம்ம ஊர்ல ஒரு சின்னக் கல்யாண மண்டபம். உலகத்துல இருக்கற அத்தனை கோடிப் பேர்லேருந்து ஒரு மண்டபம் அளவு ஆளைப் பொறுக்கி எடுத்து, அவங்ககிட்ட மட்டும் பேசலாம்.

இதுல நல்லது இல்லையான்னா, நிச்சயம் இருக்கு. பல் செட் செய்யற லேப்களுக்குன்னு ரெண்டு பேர் சேர்ந்து ஒரு சாஃப்ட்வேர் எழுதறாங்கன்னு வச்சுக்கங்க. அவங்க தினசரில விளம்பரம் கொடுத்தா போண்டி ஆயிடுவாங்க. படிக்கிற லட்சம் பேர்ல பல் லேப் வச்சிருக்கறவர் எத்தனை பேர்? இப்ப ஒரு சின்னத் தொகையில நேரா அந்த லேப் முதலாளிகள் கண்ல படலாம். அவருக்கும் உபயோகம், இவங்களுக்கும் வியாபாரம், மத்தவங்களுக்குத் தொந்தரவு இல்லை. இதை நான் குறை சொல்ல மாட்டேன். பெரிய கம்பெனிக்கு மட்டுமே இருந்த வசதி சின்ன ஆளுக்கும் கிடைச்சிருக்கு.

பிரச்சனை எங்கன்னா, இந்த உதாரணத்துல ஒரு விஷயம் சத்தமில்லாம இருக்கு. விளம்பரத்தைப் பார்க்கிறவரும், காசு கொடுக்கிறவரும், பாதிக்கப்படறவரும் ஒரே ஆள். பிடிச்சா வாங்குவார், பிடிக்கலைன்னா தள்ளிட்டுப் போவார். இந்த மூணும் வேற வேற ஆளா ஆகும்போதுதான் கதையே மாறுது.

பார்க்காதவனுக்கு எப்படித் தெரியும்?

முதல்ல வேலை விளம்பரம். நமக்கெல்லாம் சோறு போடற சமாச்சாரம்.

2017 டிசம்பர்ல ப்ரோபப்ளிகாவும் நியூயார்க் டைம்ஸும் சேர்ந்து ஒரு செய்தி போட்டாங்க. வெரைஸான் கம்பெனி ஃபேஸ்புக்ல கொடுத்த ஒரு வேலை விளம்பரம், நிதித்துறையில ஆர்வம் இருக்கற 25லேருந்து 36 வயசுக்காரங்களுக்கு மட்டும் போற மாதிரி வச்சிருந்தாங்க. அவங்க மட்டும் இல்லை, டஜன் கணக்குல கம்பெனிகள் இதே மாதிரி வயசு வச்சு வடிகட்டியிருந்தது. அமெரிக்காவுல 40 வயசுக்கு மேல இருக்கறவங்களை வேலையில ஒதுக்கறதுக்கு எதிரா 1967லேருந்தே சட்டம் இருக்கு. பேப்பர்ல "36 வயசுக்கு மேல விண்ணப்பிக்க வேண்டாம்"னு அச்சடிச்சிருந்தா மறுநாளே யாராவது கேஸ் போட்டிருப்பான். இங்க அப்படி எங்கயும் எழுதலை. 37 வயசுக்காரன் கண்ணுக்கு விளம்பரமே தெரியாது, அவ்வளவுதான். தன்னை ஒதுக்கினாங்கங்கறதே அவனுக்குத் தெரியாது. தெரியாத விஷயத்துக்கு யார் மேல கேஸ் போடறது?

வழக்குகள் வந்து, 2019 மார்ச்ல ஃபேஸ்புக் இறங்கி வந்தது. அமெரிக்காவுல வேலை, வீடு, கடன் சம்பந்தப்பட்ட விளம்பரங்களை வயசு, ஆண்/பெண், பின்கோடு பார்த்துப் பிரிக்க முடியாதுன்னு ஒத்துக்கிட்டாங்க. அப்பாடா, முடிஞ்சதுன்னு நினைக்கிறீங்களா? அங்கதான் ட்விஸ்ட்.

அதே 2019ல நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் வேற சிலரும் சேர்ந்து ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. விளம்பரம் போட்டவங்க யாரையுமே ஒதுக்கலை, எல்லாருக்கும் பொதுவாத்தான் போட்டாங்க. ஆனா மரம் வெட்டற வேலைக்கான விளம்பரத்தைப் பார்த்தவங்கள்ல 90 சதவீதம் வரைக்கும் ஆண்கள். சூப்பர் மார்க்கெட் கேஷியர் விளம்பரத்தைப் பார்த்தவங்கள்ல 85 சதவீதம் வரைக்கும் பெண்கள். "யார் க்ளிக் பண்ணுவாங்க"ன்னு சிஸ்டமே கணக்குப் போட்டுப் பிரிச்சிடுச்சு. வேர் கண்டிஷன் எழுதற வேலையை மனுஷன்கிட்டேருந்து பிடுங்கினா, மெஷின் தானே எழுதிக்குது.

லாம்ப்ரெக்ட், டக்கர்னு ரெண்டு பேராசிரியர்கள் செஞ்ச இன்னொரு ஆய்வு இன்னும் சுவாரசியம். அறிவியல், இன்ஜினியரிங் வேலைகள் பத்தி ஒரு விளம்பரம், 191 நாடுகள்ல, ஆண் பெண் பேதம் இல்லாமப் போட்டாங்க. கடைசில பெண்களை விட ஆண்கள் 20 சதவீதத்துக்கு மேல அதிகமாப் பார்த்திருந்தாங்க. யாரும் வேணும்னு பண்ணலை. பெண்கள் கண்ல பட எல்லா விளம்பரக்காரங்களும் போட்டி போடறதால அங்க ரேட் அதிகம். செலவைக் குறைக்கற சிஸ்டம் மலிவான பக்கம் போயிடுச்சு. அதாவது சோப்பு, துணி விக்கறவன் ஏலத்துல ஏத்தின விலையால, ஒரு பொண்ணு கண்ணுக்கு இன்ஜினியர் வேலை விளம்பரம் போய்ச் சேரலை. என்ன கொடுமை சார் இது!

எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன், எங்க ஏரியாக்காரர், 47 வயசு. டெஸ்டிங்ல 20 வருஷம் ஓட்டினவர். வேலை போய் எட்டு மாசம் ஆச்சு. ஒருநாள் டீக்கடையில என் போனையும் அவர் போனையும் பக்கத்துல வச்சுப் பார்த்தோம். ஒரே ஆப்புதான். எனக்கு வரிசையா வேலை விளம்பரம். அவருக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ், முதுகு வலி பெல்ட், ஒரு ரிட்டயர்மெண்ட் பிளான். "தம்பி, எனக்கு வேலை தேடத் தெரியலையா, இல்லை வேலைக்கு என்னைத் தேடத் தெரியலையா?"ன்னு கேட்டார். காரணம் வயசுதான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. அவராலயும் முடியாது. அவருடைய தேடல் பழக்கமா இருக்கலாம், தற்செயலா இருக்கலாம். எதுன்னு கண்டுபிடிக்க வழியே இல்லைங்கறதுதான் எனக்கு உறுத்துது.

இதுல இன்னொரு கூத்து. இந்தக் கட்டங்கள்ல நாம எழுதாததைக் கூட சிஸ்டம் ஊகம் பண்ணிக்கும். லிங்க்ட்இன்ல பிறந்த வருஷம் தெரியலைன்னா, படிப்பு முடிச்ச வருஷத்தை வச்சு வயசு. பேரை வச்சு ஆணா பெண்ணா. எழுதினதையும் கண்ணை மூடி எடுத்துக்கும். 2017 செப்டம்பர்ல ஃபேஸ்புக்ல படிப்பு, வேலைங்கற கட்டங்கள்ல சிலர் யூத வெறுப்பு வாசகங்களை எழுதி வச்சிருக்க, அதையும் ஒரு 'பிரிவா' எடுத்து விளம்பரக்காரங்களுக்குக் காட்டியிருந்தது அந்த சிஸ்டம். அதையும் ப்ரோபப்ளிகாதான் கண்டுபிடிச்சாங்க. வேலிடேஷன் இல்லாத டெக்ஸ்ட் பாக்ஸை நேரா ப்ரொடக்‌ஷன்ல விட்டா என்ன ஆகும்னு நம்மாளுங்களுக்குச் சொல்லவா வேணும்?

டாக்டர் ரூம் உள்ளே

அடுத்தது டாக்டர்கள். 'குறிப்பிட்ட தொழில்காரங்களை மட்டும் பிடிக்கறது'ன்னா அமெரிக்காவுல பெரிய பணம் புழங்கற இடம் இது. அங்க டாக்ஸிமிட்டின்னு மருத்துவத் தொழில்ல இருக்கறவங்களுக்கு மட்டுமே ஒரு சமூக வலைத்தளம், 2010ல ஆரம்பிச்சது. 2021ல பங்குச்சந்தைக்கு வந்தது. அமெரிக்க டாக்டர்கள்ல 80 சதவீதத்துக்கு மேல தங்க உறுப்பினர்கள்னு அவங்களே சொல்றாங்க. டாக்டர்கள் காசு கட்ட வேண்டாம். காசு முக்கியமா மருந்துக் கம்பெனிகள், ஆஸ்பத்திரிகள்கிட்டேருந்து வருது.

அங்க ஒவ்வொரு டாக்டருக்கும் என்.பி.ஐ.ன்னு 10 இலக்க நம்பர் உண்டு. அந்தப் பட்டியல் பொதுவுல இருக்கு, யார் வேணா தேடலாம். மருந்து விளம்பரத் தொழில்ல அந்த நம்பர்களை ஒரு லிஸ்டாப் போட்டு, "இந்த டாக்டர்களுக்கு மட்டும் காட்டு"ன்னு கொடுக்கற பழக்கம் இருக்கு. எந்த டாக்டர் எந்த மருந்து எவ்வளவு எழுதறார்ங்கற கணக்கும் அங்க விலைக்குக் கிடைக்குது. அதை மார்க்கெட்டிங்குக்குப் பயன்படுத்தறதைத் தடுத்த வெர்மாண்ட் மாநிலச் சட்டத்தை 2011ல அமெரிக்க உச்ச நீதிமன்றமே ரத்து பண்ணிடுச்சு.

இப்ப நம்ம ஊர் கிளினிக்கை நினைச்சுப் பாருங்க. நாம டோக்கன் வாங்கி ஒரு மணி நேரமா உக்காந்திருப்போம். டை கட்டின மெடிக்கல் ரெப் ஒருத்தர் கனமான பையோட நமக்கு முன்னாடி உள்ளே போவார். கடுப்பாத்தான் இருக்கும். ஆனா அவர் போறதை நாம *பார்க்கறோம்*. "இப்ப எழுதின மருந்து அந்தப் பையிலேருந்து வந்ததோ?"ன்னு ஒரு சந்தேகமாவது படலாம். அதே ரெப் டாக்டரோட போனுக்குள்ள போயிட்டா வரிசையில நிக்கிற நோயாளிக்கு ஒண்ணும் தெரியாது. மருந்தை முழுங்கறது அவர், காசு கொடுக்கறது அவர், விளம்பரம் மட்டும் அவர் கண்ல படாது.

அமெரிக்காவுல ஒரு மருந்துக் கம்பெனி டாக்டருக்கு மதியச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தாக்கூட அரசாங்கத்துக்குக் கணக்குச் சொல்லணும். 2014லேருந்து அது 'ஓப்பன் பேமெண்ட்ஸ்' பட்டியல்ல எல்லாரும் பார்க்கலாம். ஆனா அதே டாக்டருக்கு வருஷம் முழுக்க நூறு தடவை விளம்பரம் காட்டினா, அது அவருக்குக் கொடுத்த காசு இல்லை. பட்டியல்ல வராது. பிரியாணிக்குக் கணக்கு உண்டு, காதுல ஓதினதுக்குக் கணக்கு இல்லை.

எல்லை மீறினா என்ன ஆகும்ங்கறதுக்கும் ஒரு உதாரணம் இருக்கு. இது சமூக வலைத்தளம் இல்லை, டாக்டர்கள் நோயாளி விவரம் பதியற சாஃப்ட்வேர். ப்ராக்டிஸ் ஃப்யூஷன்னு பேர். ஓபியாய்டு வலி மருந்து தயாரிக்கிற கம்பெனிகிட்ட காசு வாங்கிட்டு, டாக்டர் திரையில வர்ற மருத்துவ ஆலோசனைச் செய்தியையே அந்தக் கம்பெனி விருப்பப்படி வடிவமைச்சாங்க. 2020 ஜனவரில 14.5 கோடி டாலர் கட்ட ஒத்துக்கிட்டாங்க. அதை எழுதினதும் நம்மள மாதிரி ஏதோ ஒரு டீம்தான். யாரோ டிக்கெட் எழுதியிருப்பாங்க, யாரோ கோட் பண்ணியிருப்பாங்க, யாரோ டெஸ்ட் பண்ணி 'பாஸ்' போட்டிருப்பாங்க.

"இது புதுசா என்ன?"ன்னு கேக்கறவங்களுக்கு

டாக்டர்களுக்குன்னு பத்திரிகை, வக்கீலுக்குன்னு பத்திரிகை, லாரி ஓனர்களுக்குன்னு பத்திரிகை அந்தக் காலத்துலயே இருந்ததேன்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. வித்தியாசம் இதுதான்: அந்தப் பத்திரிகையை யார் வேணா வாங்கலாம். லைப்ரரில புரட்டலாம். அதுல வந்த விளம்பரத்தைப் போட்டிக் கம்பெனி பார்க்கும், நிருபர் பார்ப்பார், டாக்டரோட பொண்டாட்டி கூட பார்ப்பாங்க. பொய் சொன்னா மாட்டிக்கற வாய்ப்பு இருந்தது. இப்ப பிரிக்கிறது பத்திரிகையை இல்லை, ஆளை. கூட்டம் சின்னதாக ஆக, சாட்சியும் குறையுது.

அதனால நான் கேக்கறது விளம்பரத்தைத் தடை பண்ணச் சொல்லி இல்லை. வேர் கண்டிஷனை வெளியில காட்டச் சொல்றேன். ஐரோப்பாவுல 2022ல கொண்டு வந்த டிஜிட்டல் சேவைகள் சட்டம் இதைத்தான் கேக்குது. பெரிய தளங்கள் தங்க விளம்பரங்களை எல்லாரும் தேடற மாதிரி சேமிச்சு வைக்கணும். யாரைக் குறிவச்சாங்க, யாரை ஒதுக்கினாங்கங்கற முக்கிய அளவுகோல்களையும் சேர்த்துக் காட்டணும். லிங்க்ட்இன்னும் 2023ல விளம்பர நூலகம் திறந்தது. 2024 ஜூன்ல, ஐரோப்பிய ஆணையம் கேள்வி கேட்டதுக்கு அப்புறம், எந்தக் குழுவுல உறுப்பினர்ங்கறதை வச்சு அங்க விளம்பரம் அனுப்பற வசதியையும் எடுத்துட்டாங்க. கேட்டா நடக்குது பாருங்க. நம்ம நாட்டுல 2023ல வந்த தனிநபர் தரவுச் சட்டம் குழந்தைகளைக் குறிவச்ச விளம்பரத்தைத் தடுக்குது, நல்லது. ஆனா "யாரை ஒதுக்கினேன்"னு ஊருக்குச் சொல்ற கட்டாயம் அதுல இல்லை.

சட்டம் வர்ற வரைக்கும், இந்த வேலையில இருக்கற நம்மாளுங்க கோட் எழுதறதுக்கு முன்னாடி மூணே மூணு கேள்வி கேட்டுக்கலாம்:

1. விளம்பரத்தைப் பார்க்கிறவரும் அதுக்கு விலை கொடுக்கப் போறவரும் ஒரே ஆளா?
2. 'வேண்டாம்' கட்டத்துல போட்ட பிரிவை அந்த ஆள் முகத்துக்கு நேரா சொல்ல முடியுமா?
3. இதே விளம்பரம் நாளைக்கு எல்லாரும் பார்க்கற மாதிரி வெளியானா, கம்பெனிக்குச் சங்கடமா?

பல் லேப்காரருக்கு சாஃப்ட்வேர் விக்கற அந்த ரெண்டு பேரும் மூணுலயும் ஜம்முனு பாஸ் ஆவாங்க. 36 வயசோட கதவைச் சாத்தினவங்க ரெண்டாவதுலயே ஃபெயில்.

உங்கள்ல விளம்பரத் தொழில்நுட்பத்துல ஆணி பிடுங்கறவங்க சிலர் இருக்கீங்கன்னு தெரியும். நான் சொன்னதுல ஓட்டை இருந்தா பின்னூட்டத்துல வந்து கும்முங்க. கும்மறதுக்கு முன்னாடி, உங்க வீட்ல 45 தாண்டினவங்க யாராவது இருந்தா, அவங்க போனை வாங்கி உங்க போன் பக்கத்துல வச்சு ஒரு பத்து நிமிஷம் பாருங்க. மறக்காம என்ன தெரிஞ்சதுன்னும் எழுதுங்க.