கிறவல் வீதிக்கு எடை மட்டுமா அளவுகோல்?

சைக்கிள் பிறேமுக்கு எடையே முதல் அளவுகோல், ஆகவே உருக்கு காலாவதியானது என்ற வாதம் புளியங்குளத்தில் நிற்காது. ஏ-9 வீதியை விட்டு உள்ளே இறங்கினால் கிறவலும் குண்டுகுழியும், மாரியில் சேறு. 1990களின் பொருளாதாரத் தடையில் எரிபொருள் அரிதானபோது வன்னியின் விறகும் நெல்லும் சைக்கிளில்தான் போயின. அந்தச் சுமையைத் தாங்கியவை உருக்குக் குழாய்கள்.

உருக்கின் அடர்த்தி அலுமினியத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு, உண்மைதான். அதன் விறைப்பும் ஏறத்தாழ மூன்று மடங்கு என்பதை எடைவாதிகள் ஏன் சொல்வதில்லை? அலுமினியக் குழாய்கள் பருமனாக இருப்பதற்குக் காரணமே அதுதான். இதைவிடப் பெரியது உலோகக் களைப்பு. ஓர் எல்லைக்குக் கீழ்ப்பட்ட அதிர்வு எத்தனை முறை வந்தாலும் உருக்கு வெடிக்காது. அலுமினியத்துக்கு அப்படியோர் எல்லை இல்லை. வெடித்த பின் 6061 வகை அலுமினியத்தை ஒட்டினால் போதாது, மீண்டும் வெப்பப் பதமிட வேண்டும்; சந்தியில் உள்ள வெல்டிங் கடையில் அது நடக்காது. உருக்கை அங்கேயே ஒட்டலாம்.

காபன் இழையில் கல் பட்ட உட்காயம் வெளியே தெரியாமலிருக்கலாம். டைட்டேனியம் துருப்பிடிக்காது, ஆனால் விலை எட்டாது.

உருக்கின் குறை துரு. மாரிக்கு முன் குழாயின் உட்புறத்துக்கு எண்ணெய் விட்டால் அது பெருமளவு அடங்கும். குலுக்கலைக் குறைப்பதோ பெரும்பாலும் பிறேமல்ல, அகன்ற ரயரும் குறைந்த காற்றழுத்தமுமே. இந்த வீதிகளுக்கு வாங்குபவர் 40 மில்லிமீற்றர் ரயருக்கு இடமுள்ள, கரியர் பூட்டக்கூடிய உருக்குப் பிறேமையே எடுக்க வேண்டும்.