யோசனைப் பெட்டி போதாது, சோதனைப் பாத்தி வேண்டும்

அரசு அலுவலகமோ தனியார் கம்பெனியோ, புதுமையை வளர்க்கிறோம் என்று கிளம்பினால் முதலில் செய்வது ஊழியர்களிடம் யோசனை கேட்பதுதான். போட்டி அறிவிப்பார்கள், பரிசளிப்பு விழாவும் நடக்கும். பரிசு பெற்ற யோசனை அதன்பின் கோப்பில் உறங்கும். நம் நிறுவனங்களில் யோசனைக்குப் பஞ்சமில்லை. அதைச் சிறிய அளவில் சோதிக்கவும், தேறாவிட்டால் யாரையும் தண்டிக்காமல் கழித்துவிடவும், தேறினால் எல்லா இடத்துக்கும் கொண்டுசேர்க்கவும் வழி இல்லை என்பதே குறை. அந்த வழி எப்படி இருக்கும் என்பதற்குத் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமே சாட்சி.

நிலக்கடலையை மல்லாட்டை என்று சொல்லும் இந்த வட்டாரத்திலிருந்து 1940இல் வெளிவந்த ரகம் டி.எம்.வி. 2. எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை. அது குடியாத்தம் பக்கத்துக் கொத்து ரகத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. 1967இல் வந்த டி.எம்.வி. 7, அமெரிக்க ரகம் ஒன்றிலிருந்து பிரித்தெடுத்தது. 2006இல் வந்த டி.எம்.வி. 13, பொள்ளாச்சிச் சிவப்பிலிருந்து கிடைத்தது. மூன்றுமே ஏற்கெனவே இருந்த பயிருக்குள் தேடிக் கண்டவை. செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, முற்றிய காய்களை எண்ணி, நூறு பருப்பின் எடையையும் எண்ணெய்ச் சத்தையும் பார்த்து, நல்லதை அடுத்த பருவத்துக்கு எடுத்துவைக்கும் வேலை அது. நிலையத்து வயலில் தேறியதைப் பிற ஆராய்ச்சி நிலையங்களிலும் பிறகு விவசாயிகளின் நிலத்திலும் விதைத்துப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பக்கத்திலேயே பழைய ரகமும் நிற்கும். நுழைபவற்றில் பெரும்பாலானவை கழிந்துபோகும். கழிந்ததற்காக யாருக்கும் மெமோ வருவதில்லை.

ஆராய்ச்சி நிலையத்துக்குப் பொருந்துவது மக்கள் பணத்தில் அன்றாட வேலை பார்க்கும் அலுவலகத்துக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தும், ஏனென்றால் இந்த முறையின் உயிரே நஷ்டத்தை ஒரு பாத்திக்குள் அடக்குவதில் இருக்கிறது. விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆறு மண்டலங்களில் பஸ் ஓட்டுகிறது. ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு அங்கே டிரைவர் வாரியாகப் பார்க்கப்படுகிறது. ஒரு மெக்கானிக் பராமரிப்பில் மாற்றம் சொன்னால், ஒரே டிப்போவில் பத்து பஸ்களில் அதைச் செய்து, அதே தடத்தில் ஓடும் வேறு பத்து பஸ்களோடு மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க என்ன தடை? அளவுகோல் கையில் இருக்கிறது. சோதிப்பதற்கான அனுமதிதான் இல்லை. சோதிக்காமலேயே மாநிலம் முழுவதற்கும் திட்டம் அறிவிப்பதைவிட இதில் மக்கள் பணத்துக்கு ஆபத்து குறைவு.

இதைவிட வலுவான மறுப்பு திண்டிவனத்துக்குள்ளேயே இருக்கிறது. டி.எம்.வி. 2 இலைப்புள்ளிக்கும் துரு நோய்க்கும் எளிதில் ஆட்படும். அதைவிட நல்ல ரகங்கள் வந்த பிறகும், ஆந்திரத்தின் அனந்தப்பூர் பக்கம் இந்த நூற்றாண்டிலும் அது பரவலாகப் பயிரானது. அப்படியானால் இத்தனை சோதனையால் என்ன பயன்? பழுது சோதனையில் இல்லை, விதை போய்ச் சேரும் பாதையில் இருக்கிறது. ஏக்கருக்கு ஐம்பது கிலோவுக்கு மேல் பருப்பு வேண்டும். விளைவதோ விதைத்ததைப் போல எட்டுப் பத்து மடங்கு. விவசாயி சொந்த விதையையே எடுத்துவைத்துக்கொள்ளலாம் என்பதால் தனியார் விதைக் கம்பெனிகளுக்கும் இதில் பெரிய ஆர்வமில்லை. அரசே முனைந்து விதை பெருக்காவிட்டால் புதிய ரகம் ஆராய்ச்சி நிலைய வேலியைத் தாண்டாது. ஒரு டிப்போவில் வென்ற மாற்றம் அடுத்த டிப்போவை எட்டாததும் இதே கதைதான்.

ஆகவே யோசனைப் போட்டிக்குச் செலவாகும் பணத்தை நிறுவனங்கள் வேறு மூன்று இடங்களில் போட வேண்டும். கிளை மேலாளருக்கு மேலிடத்தைக் கேட்காமல் செலவிடச் சிறிய சோதனை நிதி வேண்டும். ஒப்பீட்டோடு முறையாக நடந்து தோற்ற சோதனையைத் தணிக்கைக் குறிப்பாக்கக் கூடாது என்ற எழுத்துபூர்வ விதி வேண்டும். வென்றதைப் பிற கிளைகளுக்குக் கொண்டுபோவது ஒருவரின் முழுநேரப் பொறுப்பாக இருக்க வேண்டும். மூன்றில் கடைசியைத்தான் நாம் எப்போதும் விட்டுவிடுகிறோம்; அதில் விழாவும் இல்லை, பரிசும் இல்லை. பட்ஜெட்டில் முதலில் இடம்பெற வேண்டியது அதுதான்.