சமையலறையும் ஒரு மதரஸாவே

ரமளான் மாலை. மஃக்ரிப் பாங்குக்குச் சில நிமிடங்களே எஞ்சியுள்ளன. விரிப்பைச் சுற்றி வீட்டார் அமர்ந்துவிட்டனர். பேரீச்சம்பழம், கஞ்சி, சர்பத் யாவும் வந்துவிட்டன. வராதவர் ஒருவர் மட்டுமே: அடுப்படியில் கடைசி ஈடு வடையை எடுத்துக்கொண்டிருக்கும் தாய். பாங்கு ஒலித்ததும் நின்றபடியே ஒரு பழத்தை வாயிலிட்டு அவர் நோன்பு திறக்கிறார். நோன்பாளியின் துஆ ஏற்கப்படும் நேரம் இது என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அந்த நேரத்தை நம் இல்லத்து நோன்பாளி ஒருவரிடமிருந்து நாமே பறித்துவிடுவதை எண்ணிப் பார்க்கிறோமா?

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கையில் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்றும், தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குப் புறப்படுவார்கள் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. உணவு சமைத்துக் கொண்டுவரும் பணியாளரை உடன் அமர்த்திக்கொள்ளுங்கள், இயலாவிடில் ஓரிரு கவளமேனும் அவருக்குக் கொடுங்கள், அடுப்பின் வெப்பத்தையும் உழைப்பையும் தாங்கியவர் அவரே என்னும் கருத்துடைய நபிமொழியும் அந்நூலில் உண்டு. பணியாளருக்கே இத்தனை மதிப்பு என்றால், பெற்ற தாய்க்கு எவ்வளவு?

"ஆண்பிள்ளைக்கு அடுப்படியில் என்ன வேலை?" என்று கேட்போர் நம்மிடையே உள்ளனர். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுபவர்கள் ஆண்கள். வலீமா விருந்துக்குத் தேக்சா ஏற்றுபவர்களும் ஆண்களே. வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்ற நம் இளைஞர்கள், ஓர் அறையைப் பலர் பகிர்ந்துகொண்டு, முறைவைத்துச் சமைத்து உண்கின்றனர். ஊருக்காகவும் தேவைக்காகவும் கரண்டி பிடிக்கும் கை, தாயின் அடுப்படியில் மட்டும் பிடிக்கக் கூடாதா? வெட்கத்திற்குரியது சமைப்பதன்று. ஒருவரை மட்டும் நிற்கவிட்டு மற்றவர் உண்பதே வெட்கத்திற்குரியது.

தொழுகையைப் பழக்கத் தொடங்கும் ஏழு வயதிலேயே இதையும் தொடங்கலாம். விரிப்பு விரித்தல், தண்ணீர் நிரப்புதல், பழங்களைத் தட்டில் அடுக்குதல் ஆகியவை சிறுவர்க்குரியவை. பூண்டு உரித்தல், அரிசியும் பாசிப்பருப்பும் களைதல் ஆகியவற்றைச் சற்று வளர்ந்தோர் செய்யலாம். அடுப்பும் கொதிக்கும் எண்ணெயும் பெரியவர் அருகிலிருக்க, பதின்ம வயதினருக்கு உரியவை. மகன், மகள் என்ற வேறுபாடின்றி முறைவைத்துப் பிரித்துக்கொடுக்க வேண்டும். மகளை மட்டும் அழைத்தால், தாயின் சுமையை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றியவர்களாவோம். தந்தை தம் தட்டைத் தாமே கழுவினால், அறிவுரைக்குத் தேவையே இராது.

பிள்ளை காய்ச்சிய கஞ்சி அடிபிடிக்கலாம், உப்புக் கூடலாம். நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். அந்தச் சுன்னத்தைப் பின்பற்ற இதனினும் ஏற்ற தருணம் எது? ஒருமுறை ஏளனம் செய்தால் அந்தக் கை மறுமுறை கரண்டியைத் தொடாது.

படிப்பு கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. நாளொன்றுக்கு அரைமணி நேரம் போதும். அந்த அரைமணி, தாய்க்குக் குர்ஆன் ஓதும் நேரமாகவும், பாங்குக்கு முன் அமர்ந்து கையேந்தும் நேரமாகவும் மாறும். ரமளான் வரும்வரை காத்திராமல் இன்றைய இரவு உணவிலிருந்தே தொடங்குவோம். ஒரே சஹனில் ஒன்றாக உண்ணும் நாம், அதற்கான உழைப்பையும் ஒன்றாகப் பகிர்ந்துகொள்ள வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.