காமிராவுக்கு ஏற்ற வண்டி எது?

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

நம் கல்லூரி வாசலில் நின்று ‘பைக்’ என்று சொன்னால் யாரும் சைக்கிளை நினைப்பதில்லை. அந்தச் சொல்லுக்குள் பெட்ரோல் இருக்கிறது; பல வீடுகளில் கடனும் இருக்கிறது. காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஞாயிறுதோறும் ஊர் சுற்ற விரும்பும் மாணவ மாணவியருக்குக் குறைந்த செலவில் ஏற்ற வண்டி எது என்பது பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அதை இம்மலரில் சொல்லத் துணிகிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம்; வகுப்பில் ஏற்கெனவே சிரித்தாயிற்று.

என் கையிருப்பு 14,000 ரூபாய். புதுமைப் பெண் திட்டத்தில் மாதந்தோறும் வரும் 1,000 ரூபாயில், தேர்வுக் கட்டணமும் செய்முறை நோட்டுச் செலவும் போக மிச்சம் பிடித்தது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். ஆகவே அந்தப் பணத்துக்கு ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தார்கள். அதை முன்பணமாகக் கட்டி ஒரு ஸ்கூட்டர் எடுத்துவிடலாம், மீதியைத் தவணையில் அடைக்கலாம் என்றார் அப்பா. எனக்கோ, கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் தாய்மாமா விற்கப் போவதாகச் சொன்ன பழைய கேனான் 1300டி காமிராவின் மேல் கண். இரண்டு லென்சுகளோடு 12,000 ரூபாய் என்றார் மாமா.

தவணை என்றதும் எனக்குப் பெரியப்பா மகன் நினைவுதான் வந்தது. எனக்கு இரண்டு ஆண்டு மூத்தவர். முக்கால் லட்சம் ரூபாய் மோட்டார் சைக்கிளைத் தவணையில் எடுத்தார். மாதம் 3,200 ரூபாய் கட்ட வேண்டும். அதற்காக மாலையில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு காலையிலும் போனார். வருகைப் பதிவு குறைந்தது. ஐந்து தாள்கள் நிலுவையில் நிற்கின்றன. வண்டி இன்றும் பளபளவென்றுதான் இருக்கிறது. ஆனால் அது அவரை ஏற்றிக்கொண்டு போகும் இடம் ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கடை.

நான் காமிராவை வாங்கினேன். வண்டிக்கு எங்கே போவது? பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள் வேப்ப மரத்தடியில் மழையில் நனைந்து துருப்பிடித்துக் கிடந்தது. குற்றம் என்னுடையதுதான். கல்லூரிக்கு அதில் வர வெட்கப்பட்டு, கட்டணமில்லா நகரப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். சைக்கிள் கடைக்காரர் இரண்டு டயர், டியூப், செயின், பிரேக் கட்டை மாற்றி, பால்ரசுக்குக் கிரீஸ் வைத்து 1,350 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஆக மொத்தம் 13,350.

வேறு வழியின்றிச் சைக்கிளைப் புகழ்கிறாள் என்று எண்ண வேண்டாம். நான் படிக்கும் பாடத்தைக் கொண்டே பார்ப்போம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் கடக்கிறது. மின்கம்பியில் பனங்காடை உட்கார்ந்திருப்பதைக் கண்டு, மனம் ‘அதோ’ என்று சொல்லி, பிரேக் பிடித்து நிற்பதற்குள் பறவை வெகு தூரம் பின்னால் போய்விடும். வண்டியைத் திருப்பினால் அந்தச் சத்தத்துக்கே அது பறந்துவிடும். சைக்கிளின் வேகம் 12 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 3 மீட்டர் சொச்சம்தான். காலை ஊன்றினால் நின்றுவிடும். பேருந்தோ பனங்காடைக்காக நிற்காது.

புதுச் சைக்கிள் வாங்கும் வசதியுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைகளில் முன்னால் வைத்திருப்பது 21 கியர் சைக்கிள். பத்தாயிரத்துக்கு மேல் விலை. பார்க்க அழகுதான். நான் பார்த்தவற்றில் கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, டைனமோ இல்லை, ஸ்டாண்டும் ஒற்றைக்கால். நம் புதுக்கோட்டைப் பகுதி பெரும்பாலும் சமவெளி. குன்றுகள் உண்டு, அவற்றில் நாம்தான் ஏறப் போகிறோம், சைக்கிள் அன்று. என் வண்டியில் பற்களை எண்ணிப் பார்த்தேன்: முன்னால் 44, பின்னால் 18. ஒரு சுற்று மிதித்தால் ஏறக்குறைய 5 மீட்டர் நகர்கிறது. புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசல் 16 கிலோமீட்டர். மூவாயிரத்துச் சொச்சம் மிதி. கியர் இல்லாமலே போய் வருகிறேன். நடுவில் பஞ்சர் ஆனால் எந்த ஊர்க் கடையிலும் ஒட்டுவார்கள்.

இரட்டைக்கால் ஸ்டாண்டின் அருமை படம் எடுப்பவர்களுக்குத்தான் தெரியும். சைக்கிளை நிறுத்தி, சீட்டின் மேல் மணல் நிரப்பிய துணிப்பையை வைத்து, அதன் மேல் காமிராவைப் பதித்தால் முக்காலி தேவையில்லை. காமிராவை மட்டும் கேரியரில் கட்டாதீர்கள். முதல் வாரம் அப்படிக் கட்டிக்கொண்டு போய், குலுக்கலில் லென்ஸ் மூடியைத் தொலைத்தேன். இப்போது பழைய சேலையை மடித்து உள்ளே தைத்த பையில் வைத்து முதுகில் மாட்டிக்கொள்கிறேன். ஒரு கிலோ சொச்சம்; பாரமில்லை. குலுங்கல்களை நம் முழங்கையும் முதுகும் வாங்கிக்கொள்கின்றன.

குறையும் உண்டு. நார்த்தாமலையில் விசயாலய சோழீச்சரம் மேற்கு நோக்கிய கோயில். அதன் முகப்பில் நல்ல வெளிச்சம் விழுவது மாலையில்தான். அதை எடுத்துவிட்டு இறங்கினால் இருட்டிவிடுகிறது. லாரிகள் பறக்கும் திருச்சி நெடுஞ்சாலையில் சைக்கிளில் திரும்புவது விளையாட்டன்று. எனவே டைனமோவும் பின்னால் சிவப்பு விளக்கும் இல்லாத சைக்கிள் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம் என்பேன். நானும் தோழி ஒருத்தியும் சேர்ந்துதான் போகிறோம். நாற்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்து படிக்கும் நண்பருக்கு மோட்டார் சைக்கிள் தேவையாக இருக்கலாம். அவரோடு எனக்கு வழக்கில்லை. படம் எடுக்க வேண்டும் என்பதற்காகவே கடன் வாங்குபவரோடுதான் வழக்கு.

‘பொம்பளைப் பிள்ளை காமிராவும் கையுமாய்ச் சைக்கிளில் சுற்றுவதா?’ என்று எங்கள் தெருவில் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு என் அம்மாச்சியே பதில் சொல்லிவிட்டது. 1991-இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் பெண்கள் சைக்கிள் கற்பதையும் அதனோடு சேர்த்தார். கல் குவாரியில் வேலை பார்த்த அம்மாச்சி அப்போது கற்றுக்கொண்டதுதான். பெண்கள் சைக்கிள் போதிய அளவு கிடைக்காததால் பலரும் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்களாம். நடுக்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. என் அம்மா அந்தக் கம்பியில் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடம் போனார்.

துருப்பிடித்த சைக்கிளைக் கல்லூரிக்கு எடுத்துப் போக நான் தயங்கிய அன்று அம்மாச்சி கேட்டது: “ஏம்புள்ள, வண்டி ஓடுதுல்ல? பொறவு என்ன வெக்கம்?”

இப்போது கல்லூரிக்கும் அதில்தான் வருகிறேன். பின் டயரில் காற்று நிற்பதில்லை. அடுத்த மாதப் பணம் வந்ததும் டியூப் மாற்ற வேண்டும். அதன் பிறகு குடுமியான்மலை.