காலா, காதா?

டாங்கோ நடனம் பழகுகிறவர்களுக்கு முதல் மாதத்திலேயே ஒரு தர்மசங்கடம் வந்துவிடுகிறது. அடியைத் திருத்தமாக வைப்பதா, சங்கீதத்தின் போக்கில் போவதா? காலைக் கவனித்தால் பாட்டு காதில் விழுவதில்லை. பாட்டை ரசித்தால் கால் பின்னிக்கொள்கிறது!

கஷ்டம் அந்தச் சங்கீதத்திலேயே இருக்கிறது. டாங்கோவின் பிறந்த வீடுகளில் ஒன்று அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ். அங்கே 1940-களில் கொடிகட்டிப் பறந்த வாத்திய கோஷ்டிகளில் பொதுவாக மத்தளமோ டிரம்மோ கிடையாது. பியானோவும், டபிள்பாஸும், பாண்டோனியன் என்ற துருத்தி வாத்தியமுமே தாளத்தையும் சுமக்க வேண்டும். நாம்தான் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஹுவான் தாரியென்ஸோவின் கோஷ்டி துள்ளும்; 'தாளத்தின் ராஜா' என்றே அவருக்குப் பட்டப் பெயர். கார்லோஸ் டி சார்லியிடம் வயலின்கள் வழுக்கிக்கொண்டு போகும். ஒஸ்வால்டோ புக்லியேஸேயின் 'லா யும்பா' (1946) சம்மட்டி அடிபோல் அழுத்திவிட்டுத் திடீரென்று அடங்கிவிடும். மூன்றுக்கும் ஒரே மாதிரி நடக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் பாட்டைக் கேட்கவில்லை என்று அர்த்தம்.

'சரி, காதைத் தீட்டிக்கொண்டால் போயிற்று' என்பீர்கள். போதாதம்மா! பாட்டு ஓரிடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நீங்களும் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். உடல் பாரம் முழுவதும் அந்த ஒரு பாதத்தில் இறங்காவிட்டால் கணுக்கால் ஆடும். தடுமாறி அடுத்த அடியை வைத்துவிடுவீர்கள். காது சொன்னதைக் கால் கேட்கவில்லை! அப்பியாசமெல்லாம் இந்த ஒரு கணத்துக்காகத்தான். கொக்கிபோல் காலை மாட்டும் வித்தைகளை முதல் வாரமே கற்றுத் தரும் ஆசிரியர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு பாட்டு முழுவதும் இடம் நகராமல், பாரத்தை வலமும் இடமுமாக மாற்றிப் பாருங்கள். பிறகு அதே பாட்டுக்கு வெறும் நடை.

துணையாக ஆடுகிறவரின் பாட்டையும் நினைக்க வேண்டாமா? டாங்கோ கூடங்களில் முன்கூட்டி வகுத்த வரிசை கிடையாது. நடத்திச் செல்பவர் மனத்துக்குள் 'ஒன்று, இரண்டு' என்று எண்ணிக்கொண்டிருந்தால், அணைப்பில் இருப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும். 1940-களில் அவ்வூர் இளைஞர்கள் பலர் முதலில் ஆண்களுக்குள்ளேயே, அதுவும் பெண்ணின் பங்கை ஆடிப் பழகினார்கள். (நம் வீட்டு ஆண்களையும் சில காரியங்களில் இப்படிப் பழக்கினால் தேவலை!)

மிலோங்கா எனப்படும் நடன விருந்துகளில் ஒரே கோஷ்டியின் மூன்று நான்கு பாட்டுகளைச் சேர்ந்தாற்போல் வைப்பார்கள். நடுவில் வேறு ஏதோ இசை. ஜோடிகள் பிரிந்து நாற்காலிக்குத் திரும்பிவிடுவார்கள். பழம் தின்று கொட்டை போட்டவர்கள், அடுத்தது எந்தக் கோஷ்டி என்று காதில் விழுந்த பிறகே துணையைத் தேடுவார்கள். டி சார்லிக்கு ஒருவர், தாரியென்ஸோவுக்கு வேறொருவர்.